சிங்காரத்துக்குச் சிக்கு எடுத்த கதை

எங்கள் வீட்டு மாடியில் புனேக்காரத் தம்பதி குடியிருந்தார்கள். கணவருக்கு ஒரகடத்தில் வேலை. பொங்கலுக்கு முந்தின வாரம் திடீரென்று வெளிநாட்டுக்கு மாற்றலாகிவிட்டது. வீட்டைக் காலி செய்த அன்று, சாவியோடு ஒரு பெரிய கூடையையும் என் கையில் கொடுத்தார்கள். உள்ளே அவர்களுடைய பூனை!

பூனை என்றால் நம் தெருப் பூனையை நினைத்துக்கொள்ளாதீர்கள். மூக்கிலிருந்து வால் நுனிவரை மூன்றடி. கழுத்தைச் சுற்றிப் பிடரிமயிர், காது நுனியில் குஞ்சம், நரிவால் போல் அடர்ந்த வால். 'மெய்ன் கூன்' என்ற இனமாம். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் பனி கொட்டுகிற மெய்ன் மாநிலம்தான் பூர்வீகம். 1985-ல் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பூனையாகவே அறிவித்துவிட்டார்கள். பனியில் புதையாமல் நடக்கப் பாதத்துக்கு அடியில்கூட முடி. அப்படிப்பட்ட ஜீவன், லாரிப் புழுதி பறக்கும் தண்டலத்துக்கு வந்து சேர்ந்தது.

அதன் பெயர் 'ஷேரு'. என் மாமியார் வாயில் அது 'சேறு' ஆனது. "நல்ல பேரா வைக்கக் கூடாதா? எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்று அவரே 'சிங்காரம்' என்று மாற்றிவிட்டார்.

எங்கள் வீட்டில் நாலு பேர். நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். என் கணவருக்கு ஏ ஷிஃப்ட் என்றால் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ்; நைட் ஷிஃப்ட் என்றால் பகலெல்லாம் தூக்கம். மகள் கல்லூரிக்குப் போய்விடுவாள். நான் தையல் மெஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன். சிங்காரத்துக்குத் தட்டில் உணவைக் கொட்டுவேன், தண்ணீர் வைப்பேன், மண் தட்டைச் சுத்தம் செய்வேன். 'வேறென்ன வேண்டும்? கொழுகொழுவென்றுதானே இருக்கிறது' என்று நினைத்தேன்.

ஏப்ரலில்தான் வினை தெரிந்தது. வயிற்றடியிலும் கால் இடுக்கிலும் முடி கட்டிக்கட்டியாகத் திரண்டுவிட்டது. தொட்டால் சீறியது. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அத்தை பதறிப்போய்ப் பிடுங்கினார்.

"ஏம்மா, சிக்கு விழுந்தா வெட்டுவாங்களா? எண்பதுல உன் நாத்தனாருக்கு முழங்கால் வரைக்கும் முடி. ஒரு நாள் வெட்டியிருப்பேனா நான்?"

தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பூனையை மடியில் போட்டுக்கொண்டார். ஒரு கையால் முடியின் வேரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். வேரைப் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது, வலிக்காது. நம் வீட்டுப் பெண்களுக்குக் காலங்காலமாகச் செய்த வைத்தியம்தானே! என் மகள் தலைமுடியைத் தோளோடு வெட்டிக்கொண்டதிலிருந்து வேலை இல்லாமல் கிடந்த விரல்கள் அவை. சிங்காரம் கண்ணை மூடிக் கிடந்தது.

பாதியில் அத்தையின் கை நின்றது. "இங்கே தடவிப் பாரு. எலும்பு தட்டுது."

முதுகில் கை வைத்துப் பார்த்தேன். அடர்ந்த முடிக்குக் கீழே முதுகெலும்பு கணுக்கணுவாகத் தட்டுப்பட்டது. எடை மெஷினில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்றேன். பிறகு தனியாக நின்றேன். கழித்துப் பார்த்தால் 5 கிலோ 800. புனேக்காரர்கள் கொடுத்த தடுப்பூசிப் புத்தகத்தில் 7 கிலோ 200 என்று இருந்தது. தினமும் கண்ணெதிரே நடமாடிய ஜீவன் பாதி பட்டினியாக இருந்திருக்கிறது. அந்த அழகான முடி எல்லாவற்றையும் மூடி மறைத்துவிட்டது.

மறுநாளே கார் பிடித்து, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். ஈறு முழுக்கப் புண், ஒரு கடைவாய்ப் பல் கெட்டுப்போயிருந்தது. வலியால் கடினமான உணவைக் கடிக்கவே முடியவில்லை. இந்த இனத்துக்கு இதயத் தசை தடிக்கும் நோய் வர வாய்ப்பு உண்டு என்பதால், மயக்க ஊசிக்கு முன் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். நல்லவேளை, பழுதில்லை. பல்லைப் பிடுங்கினார்கள்.

"வீட்டு மாத்திரை ஏதாவது கொடுத்தீங்களா?" என்று மருத்துவர் கேட்டபோது எனக்கு உதறியது. முந்தின நாள் இரவு அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா என்று யோசித்திருந்தேன். அது பூனையின் உயிரையே வாங்கிவிடும் என்றார்.

கோடைக்கு மொட்டை அடித்துவிடலாமா என்றும் கேட்டேன். வேண்டாம் என்றார். மெல்லிய தோல், மெஷினில் சுலபமாக வெட்டுப்படும். வெயிலும் நேராகச் சுடும். பூனைக்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில்தான் வியர்க்கும். தினமும் சீவி உதிர்ந்த முடியை எடுத்தாலே காற்று உள்ளே போகும். அறைக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம், மதியத்தில் குளிர்ந்த தரை, ஃபேன் காற்று. நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் தாமதிக்காமல் தூக்கிக்கொண்டு ஓடி வரச் சொன்னார். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கு எடுத்துவிட வேண்டும்; நனைந்தால் சிக்கு இன்னும் இறுகும்.

"என்ன சாப்பிடுது?" என்றார் கடைசியாக.

"டப்பா உணவுதான்" என்றேன்.

அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மத்தியானம் நான் சாப்பிடறப்ப வந்து உட்காரும். குழைச்ச தயிர்சாதம் ரெண்டு வாய் கொடுப்பேன். அதை மட்டும் நக்கி நக்கித் தின்னும்."

பூனைக்கு இறைச்சி உணவு கட்டாயம் என்றார் மருத்துவர். டாரின் என்ற சத்து முக்கியமாக இறைச்சியிலும் மீனிலும் கிடைக்கிறது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். அத்தையின் முகம் வாடிவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது, பூந்தமல்லி தாண்டியதும்தான் எனக்கு உறைத்தது. பூனை தயிர்சாதம் தின்றது, வாய் வலித்ததால். அத்தை ஏன் தினமும் குழைந்த தயிர்சாதமே சாப்பிடுகிறார்?

வந்ததும் அவரை எடை மெஷினில் ஏறச் சொன்னேன். "எனக்கெதுக்கு?" என்று மறுத்தவரை விடவில்லை. 41 கிலோ. போன தீபாவளிக்கு மாத்திரை வாங்கப் போனபோது 46 இருந்தார். பல் செட் தளர்ந்து ஈறில் உரசிப் புண்ணாகி மாதக்கணக்காகிவிட்டதாம்.

"ஏன் அத்தை சொல்லலை?"

"இவன் ஷிஃப்ட்டு முடிஞ்சு தூங்கறான். நீ மெஷின்ல இருக்கே. யாரைப் போய்க் கேக்கறது?" குற்றமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.

பூனைக்கு முடி. அத்தைக்குப் புடவை. நானோ இரண்டையும் பார்த்து 'நல்லாத்தான் இருக்காங்க' என்று நம்பியிருக்கிறேன்.

அந்த வாரமே பல் டாக்டரிடம் அழைத்துப் போய் அளவெடுத்துப் புது செட் மாட்டினோம். இப்போது அத்தை முறுக்கு கடிக்கிறார்.

சிங்காரம் மறுபடி ஏழு கிலோவை நெருங்கிவிட்டது. தினமும் மாலை ஆறு மணிக்குப் பெரிய பல் வைத்த ஸ்டீல் சீப்போடு அத்தை திண்ணையில் உட்காருவார். அது தானாகவே வந்து மடியில் மல்லாக்கப் படுத்துக்கொள்ளும். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் நானும் மெஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருகிறேன். பேசுவதற்கு ஏதாவது இருக்கிறது.

மாதம் பிறந்தால் காலண்டரில் இரண்டு எடை எழுதுகிறேன். மேலே சிங்காரம், கீழே அத்தை. "பூனைக்கு அப்புறம்தானா நான்?" என்று கோபித்துக்கொண்டார். இந்த மாதத்திலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன்.