கைபிடியின் உயரம்

கருவிகள் யாவும் ஏதோவோர் உடலை மனங்கொண்டே ஆக்கப்படுகின்றன. அவ்வுடல் யாருடையது என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தோடு நெருங்கிய தொடர்புடைய பனியூர்தி அவ்வினாவை எழுப்புதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

1934ஆம் ஆண்டின் குளிர்காலத்திலே, பனி மூடிய வீதிகளைக் கடந்து மருத்துவமனையை அடைய வழியின்றி, யோசேப் ஆர்மன் பொம்பார்டியே தம் இரண்டு வயது மைந்தனை இழந்தார். பனிமேற் செல்லும் ஊர்திகளை ஆக்குவதில் இளமையிலேயே ஈடுபட்டிருந்த அவர், 1937இல் சுழலும் பட்டையமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் அவரது நிறுவனம் 'ஸ்கீ-டூ' என்னும் சிறிய ஊர்தியை விற்பனைக்கு விட்டது. முன்னே இரு சறுக்குக் கட்டைகள். பின்னே றப்பர்ப் பட்டை. சறுக்குக் கட்டைகளைத் திருப்புதற்குக் கைபிடித் தண்டு: இதுவே அதன் அமைப்பு.

தொடக்கத்தில் இவ்வூர்தியைப் பெரும்பாலும் அமர்ந்தே செலுத்தினர். இன்றோ ஆழ்ந்த பனி படிந்த மலைச்சரிவுகளில் நின்றவாறே செலுத்துவோர் பலர். ஆறடிக்கு மேற்பட்ட உயரமுடையார் அவ்வாறு நிற்கையில், கைபிடி தாழ்ந்திருப்பின் இடுப்பை வளைத்துக் குனிய நேரிடுகின்றது. முதுகும் தோளும் நோகின்றன. அதனினும் முக்கியமானதொன்றுண்டு. சரிவிலே ஊர்தி கவிழாது காப்பது, செலுத்துவோர் தம் உடற்பாரத்தை உரிய வேளையில் ஒருபுறம் சாய்க்கும் திறனேயாம். குனிந்து நிற்பவருக்கு அது எளிதன்று. எனவே இதனை வெறும் வசதி பற்றிய பிரச்சினையெனத் தள்ளிவிடல் தகாது.

திருப்புதண்டுக்கும் கைபிடிக்கும் இடையே உலோகக் கட்டையொன்றைப் பொருத்தி இரண்டு மூன்று அங்குலம் உயர்த்துவதே வழமையான பரிகாரம். எனினும், கைபிடி உயரும்போது அதனோடு பிணைந்தவையும் இழுபடுகின்றன. தடுப்பின் எண்ணெய்க் குழாயும், பெருவிரலால் அழுத்தப்படும் முடுக்கியின் கம்பியும் நீளம் போதாதுபோகலாம். நேராக நிற்கையில் இக்குறை தெரியாது. கைபிடியை முற்றாகத் திருப்புகையிலேயே கம்பி இறுகும். அவ்வேளை எவரும் அழுத்தாமலே இயந்திரம் வேகங்கொள்ளக்கூடும். ஆதலின், உயர்த்தியபின் இரு புறமும் இறுதிவரை திருப்பிப் பார்த்தலும், வேண்டுமிடத்து நீண்ட கம்பியையும் குழாயையும் இடுதலும் உயிர்காக்கும் கடமைகளாகும். அளவுக்கு மீறி உயர்த்தினால் அமர்ந்து செல்கையில் தோள் சோர்வதும் உண்டு. நிமிர்ந்து நிற்க, முழங்கை சற்றே மடிந்திருக்கும் நிலையே தக்க அளவெனலாம்.

இத்தகைய பொருத்தமின்மை பனியூர்திக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க விமானப்படையினர் 4,063 பேரின் உடலளவுகளை ஆராய்ந்த கில்பேட் டானியல்ஸ், பத்து அளவுகளிலும் சராசரி எல்லைக்குள் அமைந்தவர் ஒருவரேனும் இலர் என 1952இல் எடுத்துக்காட்டினார். சராசரி மனிதனுக்கென அமைத்த விமானியிருக்கை எவருக்கும் முற்றப் பொருந்தாதது என்பதே அதன் பொருள். மாற்றியமைக்கத்தக்க இருக்கைகளின் தேவையை அவ்வாய்வு வலியுறுத்திற்று.

உடலைக் கருவிக்கேற்ப வளைத்தல் எளிது. அதன் விலையை முதுகு செலுத்தும். கருவியை உடலுக்கேற்ப மாற்றுதல் நியாயமானது. ஆயினும், ஓருறுப்பை மாற்றுவோர் அதனோடு பிணைந்த அனைத்தையும் சோதித்தறிதல் வேண்டும். இரண்டங்குல உயர்வும் இவ்விதிக்கு விலக்கன்று.