மூன்று பைகள்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் பணியாற்றி ஓய்வு பெறுவோர், நகரியக் குடியிருப்பைக் காலி செய்துவிட்டுச் சுற்றியுள்ள ஊர்களில் குடியேறுவது வழக்கம். அவ்வாறு நெல்லிக்குப்பத்தில் எங்கள் தெருவிற்கு வந்தவர் ஒருவரின் மூத்த மகன், என் பழைய மாணவன். பொறியாளனாகிய அவன், நார்வே நாட்டின் 'நார்ஸ்மன்' டிரையத்லானுக்காக மூட்டை கட்டிய நாள்களில் நான் அவ்வீட்டிற்கு அடிக்கடி சென்றுவந்தேன்.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாது முடிப்பதே டிரையத்லான். 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நார்ஸ்மன், அவ்வகைப் போட்டிகளுள் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. நிலத்தினுள் நீண்டு புகுந்த கடற்கழியில், அதிகாலை 5 மணிக்குக் கப்பலிலிருந்து குதிக்க வேண்டும். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டிப் பயணம், பின்னர் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். முடிவிடமோ ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில், கௌஸ்டாடொப்பன் மலையுச்சியில் இருக்கிறது.

கடலூர் மாவட்டத்துச் சமவெளியில் வளர்ந்தவன் மலைக்கு எங்கே போவான்? விடுமுறைதோறும் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மிதிவண்டியை மிதித்து ஏறினான். செஞ்சி இராஜகிரிக் கோட்டையின் படிகளில் மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினான். மீனவர் துணையோடு தேவனாம்பட்டினக் கடலில் நீந்தினான். ஆனால், நம் கடல் வெதுவெதுப்பானது. அங்குள்ள நீரோ 15 பாகை செல்சியசை ஒட்டியது. எனவே, கடலூர்த் துறைமுகத்தருகே மீனுக்கு விற்கும் ஐஸ் பாளங்களை வாங்கிவந்து தொட்டியில் இட்டு, தந்தை கடிகாரம் பார்த்திருக்க, கழுத்தளவு நீரில் அமர்ந்தான். அதைக் காணப் பொறாமல் தாயார் கொல்லைப்புறம் போய்விடுவார்.

நார்ஸ்மன் போட்டியில், வழியெங்கும் நீரும் உணவும் நீட்டி நிற்கும் ஏற்பாட்டை எதிர்பார்க்க இயலாது. ஒவ்வொருவரும் தமக்கான உதவியாளரையும் பொருள்களையும் தாமே கொண்டுசெல்ல வேண்டும். வண்டி ஓட்டவும் மலையின் கடைசி ஏற்றத்தில் உடன் வரவும் தம்பி. பைகளைப் பேணத் தந்தை என முடிவாயிற்று.

கூடத்தில் மூன்று பைகள் விரிந்து கிடந்தன. நீச்சல் பையில் உடலை ஒட்டிப் பிடிக்கும் தடித்த வெட்சூட், இரண்டு கண்ணாடிகள், கரையேறியதும் துவட்டத் துண்டு. மிதிவண்டிப் பையில் டியூப்புகள், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், மழைச்சட்டை, கையுறை. மலைப்பையில் கம்பளித் தொப்பி, நெற்றி விளக்கு, கைப்பேசி, மாற்றுடை. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்து வேண்டுமாம். கடையில் விற்கும் இனிப்புக் கூழையே நாளெல்லாம் உண்டால் நாக்கு மறுத்துவிடும் என்று, பாதிக்குப் பாதி கடலை மிட்டாயை வைத்தான். சர்க்கரை ஆலை ஊர்க்காரனான எனக்கு அதில் சிறு பெருமைதான்.

உறைகளின்மேல் அவன் எழுதிய குறிப்புகள்தாம் என்னை நிறுத்தி வைத்தன. "கேட்காமலே கொடுக்கவும்", "வேண்டாம் என்றாலும் அணிவிக்கவும்" என்றெல்லாம் எழுதியிருந்தான். காற்றைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக நீர் உடலின் வெப்பத்தைக் கவர்ந்துவிடும். ஈர உடலோடு 1,200 மீட்டருக்கு மேலான பீடபூமியில் மிதிவண்டி ஓட்டும்போது எதிர்க்காற்று மேலும் குளிர்விக்கும். உடல் மிகக் குளிர்ந்தால் முதலில் விரல்கள் மரத்துப்போகும். பின்னர் நாக்குக் குழறும். அதன்பின் சிந்தனை தடுமாறும். தனக்குக் குளிரவில்லை என்றுகூட ஒருவர் அப்போது சாதிக்கக்கூடும். தெளிவாக இருக்கையிலேயே, தெளிவிழந்த தனக்காக அவன் முடிவெடுத்து வைத்திருந்தான்.

தந்தைக்கென ஆறு வரிகளில் தனித்தாள் ஒன்றும் இருந்தது. ஆறாவது வரி: "என் பேச்சுக் குழறினால் போட்டியை நிறுத்திவிடவும்."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இருமுறை படித்தார். சுரங்கத்தில் பல்லாண்டு முறைவேலை பார்த்தவர். எழுதிய விதியை எளிதில் நம்பமாட்டார்.

"நிறுத்தச் சொல்லும்போது நீ முடியாது என்றால்?"

"அந்த நேரத்தில் என் பேச்சைக் கேட்காதீர்கள், அப்பா."

அவர் பேனாவை வாங்கி, அதையே ஏழாவது வரியாக எழுதினார். கீழே மகனிடம் கையொப்பமும் பெற்றுக்கொண்டார். பின்பு தாளை மடித்து, பைகள் எதிலும் வைக்காமல், தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.