பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? ஒருமுறை மலை ஏற்றிப் பாருங்க!

தேனி மாவட்டம், போடிநாயக்கனூர். விடிவதற்கு முன்பே ஊர் விழித்துக்கொள்கிறது. டீக்கடை வெளிச்சத்தில் வரிசையாக நிற்கும் ஜீப்புகளில், தூக்குவாளியோடு பெண்கள் ஏறுகிறார்கள். எல்லோரும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். வண்டிகளில் பலவும் பழையவை. ஆனாலும் தினமும் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி போடிமெட்டு ஏறி, மாலையில் இறங்குகின்றன. பழைய வண்டியின் நோய் அறிந்த மெக்கானிக்குகளுக்கும் இங்கே பஞ்சமில்லை.

சின்னமனூர் பக்கத்து வாழை விவசாயி ஒருவர் அப்படியொரு மெக்கானிக்கைத் தேடி வந்திருந்தார். உரமூட்டை ஏற்றவும், வயதான அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் ஒரு பழைய பொலேரோவை விலை பேசியிருந்தார். கையில் இருந்தது ஒரு வருஷத்து வாழைப் பணம். அவருடைய மச்சான் முன்பு இதே மாதிரி ஒரு வண்டி வாங்கினார். சமதளத்தில் பட்டுப் போல ஓடிய வண்டி, மூன்றாம் மாதம் என்ஜின் பிடித்து நின்றது. வேலை பார்க்க, வீட்டு நகை அடகுக்குப் போனது. அந்தப் பயம் இவருக்கு.

"அண்ணே, மாடு வாங்கினா பல்லைப் பிடிச்சுப் பார்த்து, ரெண்டு வேளை கறந்து பார்த்துத்தானே ஓட்டிட்டு வருவீங்க? வண்டிக்கும் அதேதான்" என்றார் மெக்கானிக்.

'காலையில் நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். மெக்கானிக் முதலில் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. சூடாக இருந்தால், காலை நேரத்துக் கோளாறை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அடுத்து ரேடியேட்டர் மூடி. குளிர்ந்திருக்கும்போது மட்டுமே அதைத் திறக்க வேண்டும். உள்ளே கூலன்ட் இல்லை. துருநிறத்தில் வெறும் தண்ணீர். மெக்கானிக் எதுவும் சொல்லாமல் மூடினார்.

என்ஜின் ஓடும்போது புகையைக் கவனித்தார்கள். குளிரில் சிறிது வெண்புகை வந்து மறைந்தால் கவலையில்லை. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம், டர்போ போயிருக்கலாம். கரும்புகை என்றால் இன்ஜெக்டரையோ ஏர் ஃபில்டரையோ பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப்பென்று புகை தள்ளினாலும் ரிங் தேய்மானம்தான். சாவி போட்டதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால், பல்பையே கழற்றியிருப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் நடப்பில் இருப்பதை உறுதிசெய்துகொண்டு புறப்பட்டார்கள். மலையடிவாரத்து முந்தலில் வண்டியை நிறுத்தி, மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒருபுறம் தட்டையாகியிருந்தது. அளவுக்கு மீறி பாரம் ஏற்றியதன் அடையாளம். சேஸில் புதிதாகக் கறுப்புப் பெயின்ட். பட்டை மாட்டும் இடங்களை ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தார். இரும்பு உறுதியாக இருந்தது. துருவைப் பெயின்ட்டால் மூடியிருந்தால் அந்த இடம் உதிர்ந்துவிடும். அப்படிப்பட்ட வண்டி எந்த விலைக்கும் வேண்டாம்.

ஏற்றம் தொடங்கியது. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சத்தம் மட்டும் ஏறி வேகம் கூடாவிட்டால், கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. அது சரியாக இருந்தது. பின் ஆக்சிலில் கிரவுன் ஊளையிடுகிறதா, புறப்படும்போது ஜாயிண்ட்டில் 'டக்' சத்தம் வருகிறதா என்று கேட்டார்கள். அதுவும் இல்லை. விவசாயியின் முகம் மலர்ந்தது. ஆனால், பாதி மலை தாண்டியதும் சூடு காட்டும் முள் மெல்ல ஏறியது.

போடிமெட்டில் நிறுத்தியபோது ரிசர்வ் டேங்க்கில் நீர்க்குமிழிகள் விடாமல் வந்தன. பின்னால் வெண்புகை நிற்கவே இல்லை. ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. ஹெட்டே விரிசல் விட்டிருக்கவும் கூடும்.

"தெர்மோஸ்டாட் மாத்தினா சரியாயிடும்" என்றார் விற்பவர்.

"நல்லதுண்ணே. நீங்களே மாத்திட்டு, இன்னொரு தடவை ஏத்திக் காட்டுங்க" என்றார் மெக்கானிக். விற்பவரிடம் பதில் இல்லை.

என்ஜின் ஆறிய பிறகு மெதுவாக இறங்கினார்கள். இறக்கத்திலும் பாடம் இருந்தது. காலை எடுத்ததும் கியர் தானாக நழுவினால் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. பிரேக் பெடல் கீழே போனாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ பிரேக் வேலை காத்திருக்கிறது. ஸ்டீயரிங் ஆட்டமும், டயர் ஒருபக்கம் மட்டும் தேய்வதும் பால் ஜாயிண்ட்டைக் காட்டிக்கொடுக்கும்.

மலை இல்லாத ஊர்க்காரர்கள் நான்கைந்து பேரை ஏற்றிக்கொண்டு, ஒரு மணி நேரமாவது மேடும் பாலமுமாக ஓட்டிப் பார்க்கலாம். சேஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு பொருந்துகிறதா, கடன் முடிந்த சான்று இருக்கிறதா என்பதும் முக்கியம். சொந்த உபயோக வண்டிக்கு 15 வருஷம் முடிந்தால், பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும்.

அன்று அந்த விவசாயி அட்வான்ஸ் கொடுக்கவில்லை. பணம் பையோடு வீடு திரும்பியது. சில வாரம் கழித்து, பெயின்ட் உதிர்ந்த, கதவு நசுங்கிய வேறொரு வண்டியோடு அதே மலை ஏறினார். போடிமெட்டு வரை முள் நடுவிலேயே நின்றது. இப்போது அவர் வாழைத்தோப்பு வரப்பில் நிற்பது அந்த வண்டிதான்.