கழிவென்று தோன்றாத தண்ணீர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தொடங்கி உத்தண்டி தாண்டியும் மதில்களுக்குப் பின்னால் எத்தனையோ நீச்சல் குளங்கள். என் அக்கா வீட்டிலும் ஒன்று உண்டு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். சுமார் 45,000 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரி நான்கு வந்தால்தான் நிறையும்.

மழைக்காலத்துக்கு முன்பு, பராமரிப்புக்கு வரும் தம்பி, "அக்கா, தண்ணி பழசாயிடுச்சு. ரோட்டுக் கால்வாயில விட்டுட்டுப் புதுசா நிரப்பிடலாமா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சாக்கடையைத் தெருவில் திறந்தால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். அடியில் பதித்த ஓடு தெரியும்படி தெளிந்திருக்கும் தண்ணீரை விட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை.

ஆனால் மழைநீர் வடிகாலில் சுத்திகரிப்பு எதுவும் கிடையாது. விழுந்தது விழுந்தபடி கடலுக்கோ பக்கிங்காம் கால்வாய்க்கோ போகும். அந்தக் கால்வாய் தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழியில் கலக்கிறது. உப்பங்கழியில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்கள் இந்தக் கரையோரம் உண்டு.

குளத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை குளோரின் இருக்கும். கடல்நீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குறித்திருக்கும் உச்ச வரம்பு 0.013 மில்லிகிராம். 2 மில்லிகிராம் உள்ள அக்கா வீட்டுக் குளத்தை, நீர்த்துப்போவதை மட்டும் நம்பித் திறந்துவிட்டால், அந்த வரம்புக்கு வர 70 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும்.

குளோரினாவது வெயிலில் முறிந்துவிடும். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மயில்துத்தம். பாசி பிடித்தால் ஒரு கை அள்ளிப் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதிலுள்ள செம்பு ஆவியாகாது, வெயிலில் அழியாது. வண்டலில் படிந்து அங்கேயே தங்கும். இறாலின் ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பதே செம்புதான். இருந்தும் தண்ணீரில் அது அளவு மீறினால் செவுளைத் தாக்கிக் கொன்றுவிடும். நத்தைகளுக்கும் அதே கதி. குளோரின் அளவு இறங்காமல் பார்த்து, பம்பைத் தவறாமல் ஓட்டி, சுவரைப் பிரஷ்ஷால் தேய்த்து வந்தால் பாசி கால் ஊன்றாது. மயில்துத்தம் வீட்டுக் குளத்துக்கு வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

நகரத்தின் சாக்கடையே ஓடும் கால்வாயில் நம் குளம் என்ன கெடுத்துவிடப்போகிறது என்று அத்தான் கேட்டார். நோயாளிக்கு இன்னொரு வேளை விஷம் கொடுக்கலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தக் கழிமுகத்தில் இறால் இன்னும் மிஞ்சியிருக்கிறது. அதனால்தான் இந்தக் கவலையே.

அக்கா குளத்தைத் திறக்கவில்லை. மருந்து போடுவதை நிறுத்தி, வெயில் படும்படி விட்டுவைத்தோம். சோதனைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறமே வராத நிலை வரும்வரை காத்திருந்தோம். குளோரின் மாத்திரையோடு சேர்ந்து வரும் சயனூரிக் அமிலம் குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்றுவதால் நாள் கூடுதலாகவே பிடித்தது. அவசரம் என்றால் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கிறது. வண்ண மீன் வளர்ப்பவர்கள் குழாய்த் தண்ணீரில் போடும் அதே உப்பு. பிறகு, வடகிழக்குப் பருவமழையில் குளம் வழிந்து தெருவுக்கு ஓடாத அளவுக்கு மட்டம் குறைய, ஓஸ் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டத்துக்கு விட்டோம். மணல் பூமி, உடனே குடித்துவிட்டது. குளோரின் முறியாத தண்ணீரைச் செப்டிக் டேங்கில் விட்டிருந்தால் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாழாகியிருக்கும்.

சயனூரிக் அமிலம் ஏறிக்கொண்டே போவதுதான் தண்ணீரை "பழசாக்கி" மாற்றச் சொல்லும் முக்கியக் காரணம். அதனால் இப்போது மாத்திரையைக் குறைத்துத் திரவ ஹைப்போகுளோரைட் ஊற்றுகிறார்கள். தண்ணீரை வெளியேற்றும் வேளையே அரிதாகிவிடும்.

உப்புநீர்க் குளம் வைத்திருப்பவர்களுக்குத் தோட்ட வழி உதவாது. அதில் லிட்டருக்கு 3, 4 கிராம் உப்பு இருக்கும். இதே அளவுக் குளத்தில் 135 முதல் 180 கிலோ வரை. கடல்நீரின் மேல் மெல்லிய அடுக்காக நல்ல தண்ணீர் நிற்கும் கடற்கரை மண்ணில் அதைக் கொட்டினால் பக்கத்து வீட்டுக் கிணறும் கரிக்கும்.

மிச்சம் இருந்தது பேக்வாஷ். மணல் வடிகட்டியைக் கழுவும்போது ஒவ்வொரு தடவையும் நூற்றுக்கணக்கான லிட்டர் அழுக்குத் தண்ணீர் வெளியேறும். அக்கா வீட்டில் அந்தக் குழாய் தெரு வடிகாலில் முடிந்தது. கொல்லைப்புறம் ஜல்லியும் மணலும் நிரப்பிய குழி வெட்டி, ஓரத்தில் கல்வாழை நட்டு, குழாயை அங்கே திருப்பினோம். அதற்காகப் பதித்த நடைபாதையை உடைக்க வேண்டியிருந்தது. குளம் கட்ட நினைப்பவர்கள் வரைபடம் போடும் அன்றே பொறியாளரிடம் பேக்வாஷ் குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேட்டுவிடுங்கள்; காகிதத்தில் அதைத் திருப்பக் காசு ஆகாது.