ஒரு நிமிடச் சண்டை

கவசம் கனக்கக் கனக்க எண் குறைய வேண்டும். இன்று ஆட வரும் பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ரேங்க் அட்டை பார்த்து வளர்ந்த எனக்கு அது உறுத்தவே இல்லை. முதல் ரேங்க்தானே பெரிது!

தொண்ணூறுகளில் அமெரிக்காவில் படிக்கப் போனபோது ஒட்டிக்கொண்ட பழக்கம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் கொண்டுவந்த விளையாட்டு. பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தும் போர் ஆட்டத்தின் வயிற்றில் பிறந்தது. நாங்கள் ஆடியது 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு.

வெறும் உடம்போடு நிற்பவனுக்கு ஆர்மர் கிளாஸ் என்னும் கவச எண் 10. தோல் கவசம் 8, சங்கிலிக் கவசம் 5, தகட்டுக் கவசம் 3. கேடயமும் சேர்ந்தால் 2. மாயக் கவசம் கிடைத்தவன் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுவான். அடிப்பவனுக்குத் ‘தாக்கோ’ என்றொரு எண். அதிலிருந்து எதிரியின் கவச எண்ணைக் கழித்து, மீதியையோ அதற்கு மேலோ இருபது முகப் பகடையில் போட வேண்டும். என் ஐந்தாம் நிலை வீரனுக்குத் தாக்கோ 16. தகட்டுக் கவசக்காரனை அடிக்க 13 போதும். எதிரி மைனஸ் 2 என்றால் கழித்தல் கூட்டலாகி 18 வேண்டும். நள்ளிரவுக்கு மேல் கணித மாணவனே அதில் தடுமாறுவான்.

ஆனால் எனக்கு இனிப்பது அந்த எண்கள் அல்ல. அப்போது சண்டையின் ஒரு சுற்று, கதைக்குள் ஒரு முழு நிமிடம். ஒரு நிமிடத்தில் வாள்காரன் ஒரே வீச்சோடா நிற்பான்? பாய்வான், பதுங்குவான், போக்குக் காட்டுவான். காயம் உண்டா இல்லையா என்பதை மட்டும் பகடை சொல்லும். மற்றதையெல்லாம் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் வாயால் நிரப்புவார். என் பகடையில் 12 விழுந்து ஒன்றில் தவறினால், வாள் தோள்தகட்டில் உரசிப் பொறி பறந்த கதை வரும். 3 விழுந்தால் நான் சேற்றில் வழுக்கிய கதை.

1978இல் வந்த ரூன்குவெஸ்ட் ஆடிப் பழகிய நண்பன் ஒருவன் இருந்தான். அந்த ஆட்டத்தில் கவசம், பட்ட அடியின் வலுவைக் குறைக்கும். தலைக்கும் காலுக்கும் தனித்தனிக் கணக்கு. “இரும்பைச் சுமப்பவனை அடிப்பதா கஷ்டம்?” என்று வாராவாரம் வம்புக்கு வருவான். “அடி படும், காயம்தான் படாது” என்பார் மாஸ்டர். விடியும்வரை தீராது.

வேலை, குடும்பம் என்று அந்தக் கூட்டம் சிதறியது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. கவச எண் 10இலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. சங்கிலிக் கவசம் 15 ஆனது. பகடையோடு தாக்கும் திறனைக் கூட்டி எதிரியின் எண்ணைத் தொட்டால் அடி. நல்ல மாற்றம், தாக்கோவுக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஆனால் அதே பதிப்பு சுற்றை ஆறு வினாடியாகச் சுருக்கியது. ஆறு வினாடியில் கதைக்கு ஏது இடம்? கட்டம் போட்ட விரிப்பில் பொம்மையை நகர்த்து, உருட்டு, “படல, அடுத்த ஆள்.”

இப்போது ஆட்டம் நடத்துகிறவர்களுக்குச் சொல்வேன்: ஏறுகிற எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள். பகடை உருண்டு நின்றபின் அந்த நிமிடத்தை மட்டும் ஆடுகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்.