அகல டயரும் ஓர் உருண்டைக் களிமண்ணும்

விருத்தாசலம் பக்கம் வாலிபப் பிள்ளைகளிடம் இப்போது ஒரு மோகத்தைப் பார்க்கிறேன். காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்துவது, அதில் அகல டயர் போடுவது. பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல வரவில்லை. நாங்கள் அந்த வயதில் சைக்கிளுக்குக் குஞ்சம் கட்டினோம், டைனமோ விளக்கு இரண்டு வைத்தோம். இந்தப் பதிவு, அந்தக் கார்களின் பின் சீட்டில் உட்கார்ந்து போகும் நம் வயதுக்காரர்களுக்கு.

என் தங்கை நல்லூரில் இருக்கிறாள். இதய சிகிச்சைக்காக மாதம் ஒரு முறை புதுச்சேரி ஜிப்மருக்குப் போய் வர வேண்டும். அவள் மகன்தான் தன் ஸ்விஃப்டில் கூட்டிப் போவான். இரண்டு மாதத்துக்கு முன் போன் பண்ணினாள். "அண்ணே, என் சீட்டுக்கு அடியில யாரோ தேங்கா துருவுற மாதிரி சத்தம் வருது. இவங்கிட்ட சொன்னா பாட்டை இன்னும் சத்தமா வைக்கிறான்."

மறுவாரம் அவனை வண்டியோடு வரச் சொன்னேன். நான் மெக்கானிக் இல்லை. வேலைக்காலம் முழுதும் பீங்கான் சூளையோடு கழிந்தது. ஆனால் சூளைக்காரனுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: பொருளுக்கும் பொருளுக்கும் நடுவில் விட வேண்டிய இடம். மெருகு பூசிய இரண்டு கோப்பைகள் சூளைக்குள் ஒன்றை ஒன்று தொட்டால் போச்சு, மெருகு உருகி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அடுக்கும்போது இடம் இருந்தது என்று சொல்லிப் பயனில்லை. நெருப்பு எரியும்போது இருந்ததா என்பதுதான் கணக்கு. காருக்கும் அதேதான். ஷெட்டில் நிற்கும்போது சக்கரத்தைச் சுற்றி இடம் இருக்கும். ஐந்து பேர் ஏறி, பள்ளத்தில் இறங்கி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது இருக்கிறதா என்பதே கேள்வி.

முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டோம். அவன் வண்டி 2018-ல் வந்த மாடல். கம்பெனி கொடுத்த டயர் 165/80 ஆர் 14. இதில் 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மொத்த விட்டம் சுமார் 620 மி.மீ. வருகிறது. அவன் போட்டிருந்தது 205/65 ஆர் 15. அதன் விட்டம் சுமார் 648. பழைய இன்னோவாவுக்கு வருகிற அளவு அது!

டயரின் ஆரம் 14 மி.மீ. கூடிவிட்டது. ஸ்பிரிங்கை மாற்றி உடலை 40 மி.மீ. தாழ்த்தியிருந்தான். இரண்டும் சேர்ந்து, டயரின் தலைக்கும் மட்கார்டு வளைவுக்கும் நடுவில் இருந்த இடத்தில் 54 மி.மீ. போய்விட்டது. மூன்று விரல் அகலம். அது போதாதென்று ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். அது 100 காட்டும்போது வண்டி உண்மையில் 104-க்கு மேல் போகும்.

அகலம் கூடினதும் பக்கவாட்டில் இடம் கேட்கும். 165 போய் 205 வந்தால் 40 மி.மீ. கூடுதல். அது உள்ளுக்கு எவ்வளவு, வெளியே எவ்வளவு என்பதை ரிம்தான் தீர்மானிக்கிறது. அலாய் ரிம்மின் உள்பக்கம் 'ஈ.டி.' என்று ஓர் எண் அடித்திருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் மாட்டும் முகம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்று அது சொல்லும். அந்த எண் 45-லிருந்து 38-க்குக் குறைந்தால் சக்கரம் 7 மி.மீ. வெளியே வரும், மட்கார்டு ஓரத்தில் உரசும். எண் கூடினால் சக்கரம் உள்ளே போகும், ஷாக் அப்சார்பரில் உரசும். ரிம் வாங்கும்போது பளபளப்பைப் பார்க்கிறோம், இந்த எண்ணை யாரும் பார்ப்பதில்லை.

கணக்கை அவன் நம்பவில்லை. "மாமா, கையை விட்டுப் பாருங்க, எவ்வளவு இடம் இருக்கு!" என்றான். சரி என்று நம் ஊர் வழிக்குப் போனேன். பிசைந்த களிமண்ணை இரண்டு செ.மீ. கனத்தில் வில்லைகளாகத் தட்டி, பின் மட்கார்டு ஓரத்தின் உள்பக்கமும், முன்பக்கம் பிளாஸ்டிக் மறைப்பிலும், ஷாக் அப்சார்பர் அருகிலும் அப்பினேன். டயரில் மண் ஒட்டாமல் இருக்க டால்க் தூவினேன். நாலு பேரை ஏற்றிக்கொண்டு தெருமுனை வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கச் சொன்னேன். பிறகு நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தச் சொன்னேன்.

இறங்கிப் பார்த்தோம். முன்பக்க வில்லைகள் பாதியாக நசுங்கியிருந்தன. பின்னால் இடது பக்கம், என் தங்கை உட்காரும் பக்கம், களிமண்ணே இல்லை, வழித்து எடுத்த மாதிரி. தகட்டின் ஓரம் பளபளவென்று தெரிந்தது. அவன் கையைப் பிடித்து டயரின் தோள்பட்டையில் வைத்தேன். சுற்றிலும் ஒரு கீறல், விரல் நகம் இறங்கும் ஆழத்துக்கு. பக்கச் சுவரில் ரப்பருக்கு உள்ளே மெல்லிய நூலடுக்குதான் காற்றைத் தாங்குகிறது. அது அறுந்தால் டயர் மெதுவாகக் காற்று இறங்காது, வெடிக்கும். விழுப்புரம் நாற்கரச் சாலையில், அம்மா பின்னால் இருக்கும்போது. நான் எதுவும் சொல்லவில்லை. அவனே கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.

பிறகு கேட்டான்: "ரேஸ் காரெல்லாம் இப்படித்தானே மாமா ஓடுது?" நியாயமான கேள்வி. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்தது நம் தலைமுறைக்குத் தெரியும். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் நடக்கிறது. அங்கே தரை சமம். உள்ளே ஒரே ஆள், மூட்டை முடிச்சு இல்லை. ஸ்பிரிங் கல் மாதிரி இறுக்கம், சக்கரம் மேலே எழும்பவே விடாது. நம் ரோடு அப்படியா? இந்திய சாலை காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். நம் கிராமத்து வேகத்தடைகள் பாதி, குப்புறக் கவிழ்த்த மரக்கால் மாதிரி இருக்கின்றன.

"மட்கார்டு உதட்டை உள்ளே மடக்கிட்டா சரியாயிடும்னு கடையில சொன்னாங்க" என்றான். செய்கிறார்கள். தகட்டைச் சூடு காட்டி, உருளை வைத்து மடக்கினால் சில மி.மீ. கிடைக்கும். பெயிண்ட் வெடித்தால் அந்த இடத்தில் துரு பிடிக்கும். ஆனால் நமக்குத் தேவை மூன்று விரல், உதட்டில் கிடைப்பது அரை விரல். இன்னும் சிலர் ஸ்பிரிங்கை கேஸ் வைத்து அறுக்கிறார்கள். அதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். சூடு பட்ட ஸ்பிரிங்கின் முறுக்கு போய்விடும்.

கடைசியில் அவனே ஒரு முடிவுக்கு வந்தான். கம்பெனி ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டினான். அதே காரின் மேல் மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் 185/65 ஆர் 15 டயரும் அதற்குரிய ரிம்மும் போட்டான். பழையதைவிட 20 மி.மீ. அகலம். மொத்த விட்டமோ 621 சொச்சம், முதலில் இருந்ததைவிட 2 மி.மீ.தான் கூடுதல். அகல டயர் ஆசையும் நிறைவேறியது, ஸ்பீடாமீட்டரும் உண்மை பேசியது. மறுபடி களிமண் வைத்து ஓட்டினோம். வில்லைகள் வைத்த மாதிரியே இருந்தன. இன்னோவா டயர்களை ஒரு வாடகைக் கார்க்காரர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். அலாய் ரிம் இன்னும் அவன் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. அதில் அவனுக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. டயர் அளவை மாற்றினால் இன்சூரன்ஸ்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

பேரனோ மருமகனோ இப்படி ஒரு காரில் உங்களைக் கூட்டிப் போனால், ஏறும் முன் குனிய முடிந்தவர்கள் டயரின் தோள்பட்டையில் ஒரு முறை விரலை ஓட்டிப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் பள்ளத்தில் காதைக் கொடுங்கள். தேங்காய் துருவுகிற சத்தம் வந்தால், பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.