திண்டிவனம் சாலையில் பச்சைக் குன்றுகள்

பங்குனி மாதத்தில் சென்னையிலிருந்து தெற்கே பஸ்ஸிலோ காரிலோ பிரயாணம் செய்திருக்கிறீர்களா? செங்கற்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து (கீழே தண்ணீரைத் தேடாதீர்கள், கோடையில் பெரும்பாலும் மணல்தான்), மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போனால், அச்சிறுபாக்கம் தொடங்கித் திண்டிவனம் வரை சாலையோரத்தில் கீற்றுக் கொட்டகைகளைக் காண்பீர்கள். கொட்டகைகளின் முன்னால் பச்சைக் குன்றுகள்! அத்தனையும் தர்பூசணி.

வண்டியை நிறுத்துங்கள். "தட்டிப் பாருங்கம்மா" என்று கடைக்காரர் ஒரு பழத்தை நீட்டுவார். தட்டிப் பார்ப்பதெல்லாம் பழகிய காதுக்குத்தான் சரிப்படும். நீங்கள் பழத்தைப் புரட்டி, அது தரையில் படுத்திருந்த இடத்தைப் பாருங்கள். அந்தத் திட்டு வெண்ணெய் போல மஞ்சளாக இருந்தால் கொடியிலேயே நன்றாக விளைந்தது. வெளுப்பாக இருந்தால் அவசரப்பட்டுப் பறித்தது. கையில் தூக்கினால் உருவத்துக்கு மீறிய கனம் இருக்கவேண்டும். மாம்பழம் மாதிரி வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். பறித்த பிறகு தர்பூசணியில் இனிப்பு ஏறாது.

கொட்டகைக்குப் பின்னால் வயலையும் எட்டிப் பார்க்கலாம். மார்கழி, தையில் விதைத்தால் சுமார் 70 நாளில் காய் வெட்டுக்கு வந்துவிடும். ஒரே கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. தேனீ வந்து தூது போனால்தான் காய் பிடிக்கும். இத்தனைக்கும் விவசாயிக்குக் கிடைப்பது இரண்டே மாத வியாபாரம். அந்த இரண்டு மாதத்தில் ஒரு வதந்தி கிளம்பினால் என்ன ஆகும்?

2025-ஆம் வருஷக் கோடையில் அதுதான் ஆயிற்று. பழத்துக்கு ஊசி போட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு வீட்டுக்கு வீடு பரவியது. விலை சரிந்தது. வாங்க ஆளில்லாமல் பழங்கள் வயலிலேயே கிடந்து அழுகின. கடன் வாங்கிப் பயிரிட்டவர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

சகோதரிகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஊசி குத்தினால் சாயம் குத்தின இடத்தில்தான் தங்கும். ஐந்து கிலோப் பழம் முழுவதும் ஒரே சீராகப் பரவுமா? குத்தின துவாரம் வழியே பழம் கெட ஆரம்பித்துவிடாதா? அந்தச் சிவப்புக்குக் காரணம் லைகோபீன் என்ற சத்து. தக்காளிக்கு நிறம் தருவதும் இதுவேதான். இது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. தக்காளியைச் சமைத்தால் இது உடம்பில் சுலபமாகச் சேரும். தர்பூசணியிலோ பச்சையாகச் சாப்பிட்டாலே சேருகிறது.

பயப்படவேண்டிய விஷயம் வேறு இருக்கிறது. துண்டு போட்டு வெயிலிலும் தூசியிலும் அடுக்கிவைத்திருக்கும் பழம், அழுக்குக் கத்தி, ஈ! தோலில் ஒட்டிய மண்ணும் கிருமியும் கத்தியோடு உள்ளே போய்விடும். ஆகவே முழுப் பழமாக வாங்கி, தோலை நன்றாகக் கழுவிவிட்டு வீட்டிலேயே நறுக்குங்கள். மீதியை மூடிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

சாப்பிட்டால் என்ன லாபம்? நூறு கிராமில் ஏறக்குறைய 91 கிராம் தண்ணீர். 30 கலோரிதான். பெருத்துவிடுவோமோ என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைவிட ஆறுதல் ஏது! கொஞ்சம் வைட்டமின் 'சி'யும் பொட்டாசியமும் உண்டு. சிட்ருலின் என்ற பொருளும் இருக்கிறது. ரத்தக் குழாய்கள் தளர்ந்துகொடுக்க அது உதவுகிறது. அதற்காக ரத்த அழுத்த மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழத்தோடு உட்கார்ந்துவிடாதீர்கள்! வைட்டமின்கள்தான் முக்கியம் என்றால், பக்கத்திலேயே இருக்கும் முலாம்பழம் இதைவிட ஒரு படி மேல். கண்ணுக்கு வேண்டிய 'ஏ' சத்தாக மாறும் கரோட்டின் அதில் ஏராளம். வைட்டமின் 'சி'யும் சில மடங்கு அதிகம்.

வீட்டில் மாமியாருக்குச் சர்க்கரை வியாதியா? அவர் பார்த்துக்கொண்டிருக்க மற்றவர்கள் சாப்பிடுவது என்ன நியாயம்? நூறு கிராமில் சர்க்கரை சுமார் ஆறு கிராம்தான். டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஒரு சிறு கிண்ணம் கொடுக்கலாம். ஜூஸாக்கி அதில் சர்க்கரையும் கொட்டினால் கணக்கே வேறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் பொட்டாசியம் ஆகாமல் போகலாம். டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவேண்டாம்.

தோலை எறிந்துவிடாதீர்கள். வெளிப் பச்சையைச் சீவிவிட்டு, வெள்ளைப் பகுதியைச் சிறு துண்டுகளாக்கிப் பாசிப்பருப்போடு வேகவையுங்கள். தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்துவிட்டுக் கொதி வந்ததும் கடுகு, கறிவேப்பிலை தாளித்து இறக்குங்கள். வீட்டுக்காரர் சுரைக்காய்க் கூட்டு என்று நினைத்துத்தான் இரண்டாம் தடவை கேட்பார்.